துக்க வீட்டில் "சகலமும் நன்மைக்கே" என்று சொல்லலாமா?

கிணற்றடி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் கணவர் மாரடைப்பில் தவறி ஆறு வாரம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை அந்த வீட்டு ஜெபத்தை நான் நடத்த வேண்டும். போன வாரம் ஒருவர் ரோமர் 8:28-ஐ, அந்த "சகலமும் நன்மைக்கே" வசனத்தைச் சொன்னதும் அந்தச் சகோதரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். "ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இது அவிசுவாசமா? எதை வாசிக்கலாம்?

ஒலிவமரம்:
அவிசுவாசம் இல்லை சகோதரரே. யோபு 1:21-ல் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்ன அதே யோபுதான் 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். நாம் முதலாவதை மட்டும் அடக்க ஆராதனையில் வாசித்துவிட்டு மூடிவிடுகிறோம். யோபின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை அவர்கள்மேல் குற்றமில்லை. காரணம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் (42:7) தேவகோபம் மூண்டது கேள்வி கேட்ட யோபின்மேல் அல்ல, தேவனுக்காக வாதாடின அவர்கள்மேல்.

ரோமர் 8:28 சத்தியம்தான். ஆனால் 22-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். சிருஷ்டி தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார். அந்தப் பெருமூச்சையெல்லாம் தாண்டித்தான் 28 வருகிறது. அதை மட்டும் பிய்த்துக் கொடுத்தால் "அழாதே" என்றுதான் காதில் விழும்.

பனையோலை:
வெள்ளிக்கிழமைக்குச் சங்கீதம் 13 எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு தரம் வரும். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்துங்கள், அரை நிமிடமாவது. அந்த மௌனத்தில் யாரும் அல்லேலூயா சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 3, 4 விண்ணப்பம். அந்த இடத்தில் பிள்ளைகளின் பீஸ், வீட்டு வாடகை என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம் போதும். பிரசங்கம் வேண்டவே வேண்டாம்.

பொதுவாகச் சறுக்குவது 4-க்கும் 5-க்கும் நடுவில். "கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று தாவீது சொல்லும்போது அவன் நிலைமை மாறியதாக எங்கும் எழுதியில்லை. அந்த வரியைச் சகோதரியின் வாயால் சொல்லவைக்க அவசரப்படாதீர்கள்.

கிணற்றடி:
5-ஆம் வசனத்தில் அவர் மௌனமாகிவிட்டால்?

பனையோலை:
நீங்கள் அவருக்காக வாசியுங்கள். அதுவும் கனமாக இருந்தால் 4-லேயே முடித்துக்கொள்ளலாம். சங்கீதம் 88 கடைசி வரைக்கும் விடியாமலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அதிலும்கூட முதல் வசனத்தில் சங்கீதக்காரன் கூப்பிடுவது "என் இரட்சிப்பின் தேவனே" என்றுதான். தேவனை நோக்கி அழுகிறவர் தேவனை விட்டுப் போய்விடவில்லை.

தெற்குத்தெரு:
2 இராஜாக்கள் 4-ஐயும் பாருங்கள். அங்கேயும் ஒரு விதவை, இரண்டு பிள்ளைகள், வாசலில் கடன்காரன். "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்றுதான் தீர்க்கதரிசி எலிசா கேட்டான். அவளிடம் இருந்த ஒரு குடம் எண்ணெய் இரவல் பாத்திரங்களெல்லாம் நிரம்பும்வரை பெருகியது தேவனுடைய செயல், பாத்திரம் கொடுத்தது அயல்வீட்டுக்காரர்கள். நம் பங்கு அந்தப் பாத்திரம்.

ஜெபம் முடிந்ததும் சகோதரிகளில் ஒருவர் அவரோடு உட்கார்ந்து கணவரின் பேங்க் பாஸ்புக்கைப் பார்க்கட்டும். மே மாதக் கடைசியையொட்டி 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கும், நாமினிக்கு 2 லட்சம் வரும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கிளையிலேயே கிளைம் படிவம் கேளுங்கள்.

இறப்பைப் பதிவு செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே பதிந்திருப்பார்கள். வீட்டில் என்றால் 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். 30 நாள் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணமும் மேலதிகாரியின் எழுத்து அனுமதியும் தேவை. அந்தச் சான்றிதழ் வந்தால்தான் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியும். அவரைத் தனியாக அலையவிடாமல் ஒருவர் கூடவே போங்கள்.

கிணற்றடி:
சங்கீதம் 13 எடுக்கிறேன். பாஸ்புக் விஷயத்தை ஐயரம்மாவிடம் (எங்கள் போதகரின் மனைவி) சொல்லிவிட்டேன், அவர் கூட உட்காருகிறார். ஜெபித்துக்கொள்ளுங்கள்.