49 வயதுக்கு மேல் எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை

போன வருஷம் காசிமேட்டில் எங்கள் தெருவுக்கு உடல்நலக் கணக்கெடுப்பு என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். எத்தனை பிள்ளை, சுகப்பிரசவமா சிசேரியனா, குடும்பக்கட்டுப்பாடு பண்ணியாச்சா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே போனார்கள். சித்திக்கு வயது 54. அவரிடம் வந்ததும், "உங்களுக்கு இல்லம்மா, 49 வரைக்கும்தான்" என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். "இன்னாம்மா, அதுக்கு மேல பொம்பளைக்கு ஒடம்பே கிடையாதா?" என்றார் சித்தி. அந்தப் பெண்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களிடம் கொடுத்தனுப்பிய கேள்விகள் அப்படி.

சித்தியிடம் சொல்ல நிறைய இருந்தது. விடிவதற்கு முன்னாலேயே ஏலத்துக்குப் போய் மீன் எடுத்துவந்து மதியம் வரை வெயிலில் உட்கார்ந்து விற்பவர். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்கமாட்டார், அடக்கிக்கொண்டே இருப்பார், அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு, மாத்திரை போட்டால் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் கட்டி கட்டியாக ரத்தம் போய் முகமெல்லாம் வெளுத்துப்போனது. ஒரு டாக்டர் ஸ்கேன்கூடப் பார்க்காமல் கர்ப்பப்பையை எடுத்துடலாம் என்றார். நல்லவேளை வேறொருவரிடம் போனோம், மாத்திரையிலேயே சரியானது.

தேசிய குடும்ப நல ஆய்விலும் பெண்களிடம் விரிவாகக் கேட்பது 15 முதல் 49 வயது வரைதான். 2019-21 ஆய்வில் அந்த வயதுப் பெண்களில் நாடு முழுக்க 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், சரி, ஆனால் மாதாமாதம் எவ்வளவு ரத்தம் போகிறது என்று எங்கள் தெருவில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பிள்ளை பெறக்கூடிய பெண்களை மருந்துப் பரிசோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று 1977ல் அமெரிக்க அரசே சொன்னது, 1993ல்தான் மாற்றினார்கள். சோல்பிடெம் தூக்க மாத்திரை பெண்கள் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று அவர்களுக்கு அளவைப் பாதியாக்கியது 2013ல். அதுவரை ஆணுக்குக் கொடுத்த அதே அளவுதான் பெண்ணுக்கும்!

பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு, எதை ஆராய்வது என்பதை நோயாளிகளும் டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவுசெய்ய வைக்கிறது. கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்ந்து வலியெடுக்கிற எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கு 2017ல் அப்படி வெளியான பத்துக் கேள்விகளில் முதலாவது, இதை முழுசாகக் குணப்படுத்த முடியுமா என்பது. வலியில் சுருண்டு கிடந்த யாரும் அதைத்தானே முதலில் கேட்பார்கள்?

காசிமேட்டில் அப்படி ஒருநாள் உட்காரவைத்தால் நீர்க்கடுப்பும், மாதவிலக்கு நிற்கும்போது போகிற ரத்தமும்தான் முதலில் வரும் என்று அடித்துச் சொல்வேன். எண்ணூர், வியாசர்பாடி பக்கம் இருக்கிறவர்கள் எதை முதலில் வைப்பீர்கள்? உங்கள் அம்மா, அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள்.