மறு: அலையைத் தொடாமல் வரும் ஏவுகணைக்கு என்ன பெயர்?

> ‘கடல்தழுவு ஏவுகணை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லும் இனிமை, பொருளும் விளங்குகிறது.

வணக்கம் ஐயா,

அலைகளுக்குச் சற்றே மேலே தாழப் பறந்து கப்பலைத் தாக்கும் ஏவுகணைக்கு (ஆங்கிலத்தில் sea-skimming) நாம் தேடும் தமிழ்ப் பெயராக அது இனிமைதான். ஆனால் தழுவினால் கதை முடிந்தது! மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வரும் கணை ஓர் அலைமுகட்டில் பட்டாலே சிதறிவிடும். தொடாமல் போவதுதான் அதன் வித்தை. தழுவு, உரசு, வருடு என்று தொடுவதைக் குறிக்கும் மூன்றையுமே தள்ளிவிடலாம் என்பது என் கட்சி.

அது ஏன் தாழப் பறக்கிறது என்பதிலிருந்து வருவோம். 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தியப் படகுகள் இஸ்ரேலின் எய்லாத் கப்பலை மூழ்கடித்தது சோவியத் பி-15 ஏவுகணையால். 1971 டிசம்பரில் நம் கடற்படை கராச்சிக்குக் கொண்டுபோனதும் அதே இனம். அது நூறு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வரும். 20 மீட்டர் உயரத்தில் ரேடார் வைத்திருக்கும் கப்பலுக்கு ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவிலேயே தலைகாட்டிவிடும். அதையே 4 மீட்டருக்கு இறக்குங்கள். பூமியின் வளைவு மறைத்துக்கொள்ளும், 27 கி.மீ.க்குள் வந்த பிறகுதான் தெரியும். நொடிக்கு 300 மீட்டர் என்றால் கப்பலில் இருப்பவர்களுக்கு ஒன்றரை நிமிடம். 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு போர்க்கப்பல் அடிபட்டது இப்படித் தாழ வந்த எக்சோசெட் ஏவுகணையால்தான். (அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பறக்கும் மீன் என்று பொருள். கடற்கரைக்காரர்களிடம் விட்டிருந்தால் ‘கோலா’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.)

இந்த உயரத்தைக் காப்பது ரேடியோ உயரமானி. ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்து நீர்மட்டத்தை விடாமல் அளந்துகொண்டே போகும். ஆகவே ‘தாழ்பறப்பு’ என்றாலும் போதாது; எதிலிருந்து தாழ்வு என்பது சொல்லில் இருக்க வேண்டும்.

இங்கே கிருஷ்ணகிரி அணையில் சாயங்காலம் நீர்க்காகங்கள் வரிசையாகத் திரும்பும். இறக்கை நனையாது, உயரமும் மாறாது. பரிசல்காரர் ஒருவரிடம் அதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். “தண்ணிய ஒட்டியே போவுது, வேறென்ன?” என்றார். ஏரியை ஒட்டி மாந்தோப்பு என்கிறோமே, அதே ஒட்டி. ‘கடலொட்டி’ என்றால் கடலோடியோடு காதில் குழம்பும். எனவே ‘அலையொட்டி’ என்று முன்மொழிகிறேன்.

---

> தருமபுரியிலிருந்து ஓர் ஐயம். ‘அலையொட்டி’ என்றதும் சுவரொட்டியும் பசைவாளியும் அல்லவா நினைவுக்கு வருகின்றன?

வருகின்றன ஐயா, மறுக்கவில்லை. தேர்தல் நேரத்தில் இன்னும் மோசம்.

யோசித்துப் பார்த்ததில் வேறொரு பிழையும் தெரிந்தது. பிரமோஸ் ஏவுகணை 15 கி.மீ. உயரம் வரை ஏறிப் பறந்துவிட்டு, இலக்கை நெருங்கும்போதுதான் பத்து மீட்டர் அளவுக்கு இறங்கும். அதை ‘அலையொட்டி’ என்று வகைப்படுத்தினால் பாதி வழிக்குப் பொய். நாம் பெயரிட வேண்டியது கணைக்கு அல்ல, அது பறக்கும் விதத்துக்கு. ‘அலையொட்டுப் பறப்பு’ என்று திருத்திக்கொள்கிறேன். “கடைசிக் கட்டத்தில் அலையொட்டுப் பறப்பு” என்று வாக்கியத்திலும் உட்காருகிறது, பசையும் போய்விட்டது.

‘கப்பல் எதிர்ப்பு ஏவுகணை’யை மாற்றக் கேட்டவர்களுக்கு: கொடிபிடித்துக் கோஷம் போடுவதுபோல இருப்பது உண்மைதான். ஆனால் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. அதில் கைவைக்க வேண்டாம். முனையில் இருந்து இலக்கைக் கண்டுபிடிக்கும் பாகத்துக்குத் ‘தேடி’யா ‘தேடுமுனை’யா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். என் வாக்கு தேடுமுனைக்கு.