ஷ்னைடர் என்றால் தையற்காரரா?

வாணி, வெள்ளவத்தை:
அப்பா முப்பது வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறார். ஜெர்மன் வகுப்பில் 'ஷ்னைடர்' என்ற குடும்பப் பெயருக்குத் தையற்காரர் என்று பொருள் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "தொழிலையே பேராக வைச்சிருக்கிறாங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார். யூதர்களுக்கும் இதே பெயர் இருக்கிறதே, எப்படி?

குமரன்:
தங்கச்சி, 'ஷ்னைடன்' என்றால் வெட்டுவது. துணி வெட்டுபவர் ஷ்னைடர். ஜெர்மனியில் மிகப் பரவலான பெயரான முல்லர், மாவு ஆலைக்காரர். ஷ்மிட் கொல்லர், வேபர் நெசவாளர். இவை இடைக்காலத்திலேயே ஊன்றிவிட்டவை. யூதர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலத் தகப்பன் பெயரோடுதான் இருந்தார்கள். 1787இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு, நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டார். 1812இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசும் யூதர்களிடம் நிலையான குடும்பப் பெயர் கேட்டது. அப்போது பலர் செய்த தொழிலே பெயரானது.

பாத்திமா, தெஹிவளை:
தையற்காரருக்கு மட்டும் எத்தனை பெயர்! உக்ரைன் பக்கம் கிராவெட்ஸ், ரஷ்ய மொழியில் போர்ட்னோய், எபிரேயத்தில் ஹயாத். எனக்கு மிகப் பிடித்தது ஷெக்டர்: மதமுறைப்படி ஆடு மாடு அறுப்பவர். ஆனால் கோல்ட்பர்க்கைப் பார்த்துச் செட்டியார் தெரு நகைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். அது 'தங்கமலை', அழகுக்காக வைத்த பெயர். பொற்கொல்லர் என்றால் கோல்ட்ஷ்மிட்.

வாணி:
நன்றி அண்ணா, அக்கா. அப்பா 'ஷ்னைடர்' என்று தமிழில் எழுதி வாங்கி, தையல் மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டார்.