குளச்சல் உப்புக் காற்றில் அப்பாவின் பிலிம் கேமரா: 2 வருடம் எப்படிப் பூட்டி வைப்பது?

அண்ணன்மாரே, ஒரு உதவி. எங்கள் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 தோல் உறையோடு, பாச்சா உருண்டை போட்டு, இரும்பு பீரோவில் இருந்தது. ஆடி மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் லென்ஸ் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். வெளிச்சம் அளக்கும் மீட்டர் முள் அசையவில்லை. பேட்டரி மூடியில் பச்சைப் பொடி. உள்ளே ரோல் வேறு இருக்கிறது, எடுத்த படங்களின் கவுண்டர் 22. அடுத்த மாதம் கத்தாருக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டில் அம்மா மட்டும்தான்.

நாகர்கோவிலிலிருந்து

தம்பி, முதலில் அந்தத் தோல் உறையைத் தள்ளி வையுங்கள். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு அந்த வெள்ளை நூலுக்கு, அதாவது பூஞ்சைக்குச் சோறு போடுவதே அதுதான். பாச்சா உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

ரோலைக் காப்பாற்ற அடியிலுள்ள சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டு, இடப்பக்கக் கைப்பிடியைச் சுற்றுங்கள். இறுக்கம் விட்டு லேசாகச் சுழலும்வரை குமிழை மேலே இழுக்கவே கூடாது. இழுத்தால் பின்கதவு திறந்துவிடும், 22 படமும் போச்சு.

பச்சைப் பொடிக்குப் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு வினிகர், அப்புறம் ஸ்பிரிட். லென்ஸை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். நான் ஒருமுறை பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் ஒரு வாரம் முழித்தேன்.

மார்த்தாண்டத்திலிருந்து

அண்ணன் சொன்னது சரி. ஆனால் பீரோவே வேண்டாம் மக்கா. நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. பீரோவுக்குள் காற்றே காயாது. ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல், 200 ரூபாய்க்குள் கிடைத்தால் ஒரு ஈரமானி. காற்றின் ஈரம் 40-50 சதவீதம் நல்லது. 60 தாண்டினால் பூஞ்சை கிளம்பும். பூஞ்சை பிடித்த லென்ஸைத் தனி டப்பாவில் வையுங்கள்.

ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். ஆனால் அதில் கோபால்ட் உப்பு உண்டு, அம்மாவின் தோசைக்கல்லில் வறுத்துவிடாதீர்கள்! அதற்கென்று ஒரு பழைய சட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கே1000-க்கு மீட்டரை அணைக்கப் பொத்தான் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அது ஓயும். ஷட்டர் பேட்டரி இல்லாமலே ஓடும். அம்மா மாதம் ஒருமுறை ஷட்டர் வேகத்தை 1 நொடியிலும் 1/30-லும் வைத்து நாலைந்து தடவை கிளிக் செய்தால் போதும். பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துவிட்டு, கிளிக் செய்யாமல் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கேட்டவர்

ரோல் பத்திரமாக வெளியே வந்துவிட்டது. வினிகர் போட்டுத் துடைத்து, புதுப் பேட்டரி போட்டதும் முள் துள்ளியது! அதை இப்போது கழற்றிவிட்டேன். அம்மாவுக்கு லீவரை இழுக்கக் கற்றுக் கொடுத்தாயிற்று. அவருக்கு ஒரே சந்தேகம்: "ரோலே இல்லாமல் அமுக்கினால், படம் எங்கேலே போய் விழும்?"