ஸ்போர்ட்ஸ் பைக்கில் எடை குறைத்தவர்களே, எங்கிருந்து கழற்றினீர்கள்?

செட்டிபாளையம்வாசி:

"அஞ்சு கிலோ குறைச்சேன், பத்து கிலோ குறைச்சேன்" என்று பலரும் சொல்கிறார்கள். எங்கிருந்து குறைத்தார்கள், அதற்குப் பிறகு வண்டி எப்படி நடந்துகொண்டது என்பதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தத் திரி. முதலில் என் கதை.

வண்டி யமஹா ஆர்15, நான்காவது பதிப்பு. கம்பெனி சொல்லும் எடை 142 கிலோ. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் மட்டும் ஓட்டுவதற்கென்று இதை ஒதுக்கிவிட்டேன். சாலைக்கு வேறு வண்டி இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கழற்றிய பாதிப் பொருட்களைச் சாலை வண்டியில் கழற்றக் கூடாது.

எடை போட இரண்டு குளியலறைத் தராசு போதும். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் ஒன்றில், பைக் நிமிர்ந்து நிற்கும்படி ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. தனித்தனியாகப் பார்த்தால் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதும் தெரியும். கூட்டுத்தொகையை விட எனக்குப் பயன்பட்டது இந்தத் தனிக்கணக்குதான். ஒவ்வொரு முறையும் டேங்கில் பெட்ரோல் ஒரே அளவு இருக்க வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ வரும், 11 லிட்டர் டேங்க் நிரம்பினால் 8 கிலோ. டேங்க் நிறைய ஒரு தடவையும், காலியாக ஒரு தடவையும் நிறுத்துவிட்டு "எட்டு கிலோ குறைத்தேன்" என்று பெருமைப்பட்டவரையும் பார்த்திருக்கிறேன்.

சாரி கார்டு, பின் ஃபுட்ரெஸ்ட், நம்பர் பிளேட் தாங்கி, கண்ணாடிகள், இண்டிகேட்டர், ஹாரன், சைடு ஸ்டாண்ட், ஹெட்லைட் எல்லாம் போயிற்று. வண்டியை மூடியிருக்கும் வெளிக்கூடான கம்பெனி ஃபேரிங்குக்குப் பதிலாக ஃபைபர் ஃபேரிங். சைலன்சர் மாற்றியதில் அதன் எடை ஏறக்குறைய பாதியானது. பேட்டரியில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, ஆர்15-இல் அதுவே சின்னதுதான். எல்லாம் சேர்த்து 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கணக்கு இது: வண்டி 142, உடையோடு ரைடர் 70, மொத்தம் 212 கிலோ. இன்ஜின் சக்தி 18.4 பி.எஸ். (குதிரைத்திறன்). அதில் 10 கிலோ இறங்கினால் வேகமெடுப்பதில் கிடைக்கும் பலன், இன்ஜினில் 0.9 பி.எஸ். கூட்டியதற்குச் சமம். 155 சிசி இன்ஜினைத் திறந்து அந்த 0.9-ஐ எடுக்க எவ்வளவு செலவாகும் என்று டியூனரிடம் கேட்டுப் பாருங்கள், புரியும்.

ஆனால் எல்லா டிராக்கிலும் ஒரே பலன் இல்லை. காரி 2.1 கிலோமீட்டர்தான். வளைவு முடிந்ததும் அடுத்த பிரேக் வந்துவிடும், அங்கே எடை குறைந்தது நன்றாகவே தெரிந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கிலோமீட்டர். அதன் நீளமான நேர்ப்பாதையில் கடைசி கியரில் போகும்போது எதிர்காற்றோடுதான் சண்டை, எடைக்கு வேலையே இல்லை. என்னைப் போலவே கழற்றிய ஒருவர் அங்கே போய் "டாப் ஸ்பீடு ஏறவே இல்லையே" என்று வருத்தப்பட்டார். ஏறாது.

திருப்பூர் ஆர்சி:

அண்ணா, என்னுடையது கேடிஎம் ஆர்சி 390, முதல் பதிப்பு. 2014-இல் வந்தபோது அதற்கு சைலன்சர் வயிற்றுக்கு அடியில் இருக்கும். 2017 பதிப்பில்தான் பக்கவாட்டுக்கு வந்தது.

நான் அடி வயிற்று சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பின் பக்கமாக உயர்த்தி வைக்கும் ஒன்றை வாங்கிப் போட்டேன். தராசில் 3 கிலோ குறைந்தது, சந்தோஷம். ஓட்டிப் பார்த்தால் பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் முன்பை விடச் சீக்கிரம் தூக்கியது. ஒரு பழைய ரேஸ் மெக்கானிக் அண்ணன்தான் விளக்கினார்: கழன்றது எல்லாம் தரைக்குப் பக்கத்தில் இருந்த எடை, மாட்டியது மேலே இருக்கிறது. மொத்தம் குறைந்தாலும் எடையின் மையம் உயர்ந்துவிட்டது. கேடிஎம்காரர்கள் அதை ஏன் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அவரே சஸ்பென்ஷனையும் பார்த்தார். பின் சீட், நம்பர் பிளேட் தாங்கி எல்லாம் போனதில் வால் பக்கம் லேசாகிவிட்டது. ஸ்பிரிங் அப்படியே இருந்ததால் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நின்றது. பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகும், திருப்புவது சுலபமாகும், ஆனால் வேகத்தில் ஹேண்டில் நிலையில்லாமல் ஆடும். நான் அதை "லேசானதால் வந்த சுறுசுறுப்பு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்!

என்னை வண்டியில் உட்கார வைத்து, பின்னால் டேப் வைத்து அளந்தார். பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஓர் அளவு, ரைடர் முழு உடையோடு உட்கார்ந்தால் இன்னோர் அளவு. டிராக்குக்கு அந்த வித்தியாசம் 30 முதல் 35 மில்லிமீட்டர் இருக்கலாம் என்றார். எனக்கு அதைவிடக் குறைவாக வந்தது. பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, தளர்த்தியதும் ஆட்டம் நின்றது. இதற்குச் செலவு ஒரு டீ.

லேத் பட்டறை:

தம்பிகளா, நான் ரேஸ் ஓட்டுபவன் இல்லை. கோவையில் லேத் வைத்திருக்கிறேன். டிராக் பையன்கள் கொண்டுவரும் வேலைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதல் ரகம், ஓட்டை போடச் சொல்பவர்கள். ஒருவர் முன் பிரேக் டிஸ்க்கைக் கொண்டுவந்து "இன்னும் கொஞ்சம் ஓட்டை போட்டுத் தாங்க, எடை குறையட்டும்" என்றார். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டை அந்த இரும்புதான் வாங்கி வைத்துக்கொள்கிறது. இரும்பைக் குறைத்தால் அதே சூடு குறைந்த இரும்பில் ஏறும், ஓட்டை ஓரத்திலிருந்து விரிசல் விடும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், போய்ப் பாருங்கள். விளிம்பு வரை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

இன்னொருவர் வால் பக்க சப்ஃப்ரேமை, அதாவது சீட்டைத் தாங்கும் கம்பிச் சட்டத்தை, வீட்டிலேயே கிரைண்டரில் அறுத்துவிட்டார். பின் சீட்டுக்கு ஆள் இல்லை, அதனால் கம்பி எதற்கு என்று நியாயம். அறுத்த இடத்துக்கு முன்னால் இருந்த வெல்டிங்கில் விரிசலோடு என்னிடம் வந்தார். அந்தக் குறுக்குக் கம்பி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது, அதுதான் அவர் கைக்கு முதலில் கிடைத்திருக்கிறது.

அப்புறம் டைட்டானியம் போல்ட். ஒரு கன சென்டிமீட்டருக்குப் பார்த்தால் ஸ்டீல் 7.85 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. ஆக, அதே போல்ட் டைட்டானியத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் லேசு. ஆனால் பைக் முழுக்க மாற்றினாலும் மிச்சமாவது ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், பில் பல ஆயிரம். மாற்றுவதென்றால் சக்கரத்தோடு சேர்ந்த இடங்களில் மாற்றுங்கள்.

ஆன்லைனில் வரும் பல "டைட்டானியம்" போல்ட் வெறும் ஸ்டெயின்லெஸ்தான், மேலே கலர் ஏற்றியிருப்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் போதாது, சில ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டாது. எடை போடுங்கள். அல்லது ஒரு போல்ட்டைத் தியாகம் செய்து சாணையில் தொட்டுப் பாருங்கள், டைட்டானியம் என்றால் பொறி வெள்ளை வெளேரென்று பறக்கும். ஸ்டீல் பொறி மஞ்சளாக இருக்கும். மாட்டும்போது, உலோகம் ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவாமல் முறுக்கினால் உள்ளேயே கடித்துக்கொள்ளும், பிறகு என்னிடம்தான் வருவீர்கள். அலுமினிய போல்ட்டை ஃபேரிங்குக்குப் போடுங்கள். பிரேக் காலிப்பர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பெட்ரோல் வாசனை:

நாற்பதாயிரம் செலவு செய்து நாலு கிலோ குறைத்த நண்பர், அன்று மதியம் அன்னபூர்ணா ஹோட்டலில் இரண்டு சாப்பாடு சாப்பிட்டார். அவ்வளவுதான் என் அனுபவம்.

செட்டிபாளையம்வாசி:

@பெட்ரோல் வாசனை, சிரித்தாலும் விஷயம் இருக்கிறது. மோட்டோ3 என்ற உலக பைக் பந்தயத்தில் ரைடரையும் பைக்கையும் சேர்த்தே நிறுப்பார்கள், 152 கிலோவுக்குக் குறையக் கூடாது. ரைடர் எடைதான் மொத்தத்திலேயே உயரமான இடத்தில் இருக்கும் எடை. அது குறைந்தால் மையமும் கீழே இறங்கும். திருப்பூர் தம்பிக்கு நடந்ததற்கு நேர் எதிர்.

பச்சை நிஞ்ஜா:

நான் சாலை ஆள், அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே. கவாஸாகி நிஞ்ஜா 300, 179 கிலோ. டேங்க் 17 லிட்டர். ஞாயிறு காலை மலையேறும்போது பாதி டேங்கோடு கிளம்பினால் 6 கிலோ மிச்சம், அதுவும் உயரத்தில் இருக்கும் 6 கிலோ. காசு செலவில்லாத ஒரே மாடிஃபிகேஷன் இதுதான்.

சாலை வண்டியில் சாரி கார்டு, பின் இருக்கைக்காரரின் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்பவை. "யார் சேலை கட்டிக்கொண்டு என் வண்டியில் ஏறப்போகிறார்கள்" என்று நினைப்பது வேறு, சட்டம் வேறு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. என் நண்பரை நிறுத்திய போக்குவரத்து ஆய்வாளர் சைலன்சர், நம்பர் பிளேட் என்று விரல் விட்டு எண்ணினார். ஒவ்வொரு விரலுக்கும் நண்பர் முகம் மாறியது.

நான் செய்த ஒரே பெரிய வேலை லித்தியம் பேட்டரி. பழைய ஈய (லெட் ஆசிட்) பேட்டரி 3 கிலோவுக்குப் பக்கம், புதியது ஒரு கிலோகூட இல்லை. இரண்டு கிலோ, அரை மணி நேர வேலை, சட்டச் சிக்கலும் இல்லை. மாற்றுமுன் மல்ட்டிமீட்டரில் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். 14.4 பக்கம் நின்றால் சரி. சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர் பழுதாகி 15-ஐத் தாண்டினால் லித்தியம் தாங்காது. பழைய சார்ஜர்களில் சல்ஃபேட் நீக்கும் முறை ஒன்று இருக்கும், அதில் இதைப் போடவே கூடாது. ஊட்டியில் டிசம்பர் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதலில் சோம்பலாக இழுக்கும். சாவி போட்டு ஹெட்லைட்டை அரை நிமிடம் எரியவிடுங்கள், பேட்டரி உள்ளே கொஞ்சம் சூடேறி சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இருங்காட்டுக்கோட்டை ரசிகன்:

சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஒரு டிராக் டேயில் நண்பருடைய கவாஸாகி இசட்எக்ஸ்-10ஆர் இரண்டை அடுத்தடுத்து ஓட்டக் கிடைத்தது. ஒன்று கம்பெனி வார்ப்புச் சக்கரம், மற்றது ஃபோர்ஜ்டு, அதாவது அழுத்தி அடித்துச் செய்த அலுமினியச் சக்கரம். இரண்டு சக்கரமும் சேர்த்து வித்தியாசம் இரண்டரை கிலோ போல. டயர் ஒரே ரகம், ஒரே காற்று.

200 கிலோவைத் தாண்டிய வண்டியில் இரண்டரை கிலோ என்ன செய்துவிடும் என்றுதான் ஏறினேன். இடதிலிருந்து வலதுக்கு வண்டியைப் புரட்டும் இடத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாவது வண்டியை நான் தேவைக்கு மேல் புரட்டிவிட்டேன், அவ்வளவு சுலபமாக விழுந்தது. சுற்றும் சக்கரம் தன் திசையை மாற்ற விடாமல் அடம் பிடிக்கும், எடை குறைந்தால் அந்த அடமும் குறையும். அதோடு ரிம் ஓரத்தில் இருக்கும் ஒரு கிலோவை ஓடவும் வைக்க வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது அது ஏறக்குறைய இரண்டு கிலோ மாதிரி நடந்துகொள்ளும். மூன்றாவதாக, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை குறைவதால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் ஒட்டிக்கொள்ளும்.

1992-இல் ஹோண்டா ஃபயர்பிளேடு வந்ததிலிருந்து பெரிய கம்பெனிகள் செய்வதும் இதே வேலைதான். ததாவோ பாபா தலைமையில் செய்த அந்த 893 சிசி வண்டி எண்ணெய், பெட்ரோல் இல்லாமல் 185 கிலோ, அந்தக் காலத்து 750 வண்டிகளோடு போட்டி போடும் எடை. 2020-இல் டுகாட்டி சூப்பர்லெஜெரா வி4 என்று 500 வண்டிகள் செய்தார்கள். சேசிஸ், பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்ம், சக்கரம் எல்லாம் கார்பன் ஃபைபர், அதே கணக்கில் 159 கிலோ.

நம் ஊர்ச் சாலைக்குக் கார்பன் சக்கரம் வேண்டாம் என்பது என் கருத்து. வார்ப்பு அலாய் பள்ளத்தில் இறங்கினால் பெரும்பாலும் நெளியும், கண்ணுக்குத் தெரியும். கார்பனில் உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

திருப்பூர் ஆர்சி:

அண்ணா, ஃபோர்ஜ்டு சக்கரம் என் பட்ஜெட்டில் இல்லை. சக்கரப் பக்கம் வேறு என்ன செய்யலாம்? அலுமினியப் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்)? அப்புறம் ஃபைபர் ஃபேரிங்கில் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டால் இன்னும் ஒரு கிலோ குறையுமே?

செட்டிபாளையம்வாசி:

கீழ்ப்பகுதியை விடாதே தம்பி. பந்தயத்துக்கு அது எடைக்கான பொருள் இல்லை, தொட்டி. இன்ஜின் உடைந்தால் எண்ணெய் டிராக்கில் கொட்டாமல் அது தாங்க வேண்டும். எண்ணெயும் கூலன்ட்டும் சேர்த்து மொத்த அளவில் பாதியாவது அதில் நிற்க வேண்டும் என்பது உலக பைக் பந்தய அமைப்பான எஃப்ஐஎம்மின் விதி. ஓட்டை இருந்தால் பரிசோதனையிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். டிரெய்ன் போல்ட்டிலும் ஆயில் ஃபில்டரிலும் கழன்றுவிடாமல் கம்பி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்று, கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் கொட்டினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார்.

லேத் பட்டறை:

ஸ்ப்ராக்கெட்டுக்கு நான் சொல்கிறேன். 7075 ரக அலுமினியம் என்றால் போடு, ஸ்டீலை விடப் பாதிக்கும் குறைவான எடை. ஆனால் ஸ்டீல் செயின் அதைச் சீக்கிரம் தின்றுவிடும், நம் ஊர்ப் புழுதி சேர்ந்தால் இன்னும் வேகம். டிராக் நாளுக்கு அலுமினியம், ஊர் சுற்ற ஸ்டீல் என்று இரண்டு வைத்துக்கொள். பல் கூர்மையாகி ஒரு பக்கம் சாய ஆரம்பித்ததும் கழற்றிவிடு. அதை அரத்தில் ராவி நேராக்கித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவராதே, சென்ற மாதம்தான் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.