‘நம் குடும்பம்’ குழு: மீனாவின் கடன் கணக்கு

23 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை

மீனா, மாலை 6.40
அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் தனித்தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் என் கணவர் சேகரிடமும் கேட்டுக்கொண்டு எங்கள் கடன் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்திய பிறகு, கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்பவர்களிடமிருந்து அவருக்கு வரும் தையல் வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. இப்போது அவருக்கு மாதம் 28,000, எனக்கு 12,000, ஆக 40,000 ரூபாய்தான் வருமானம். வீட்டுக் கடனில் பாக்கி 14,20,000. மாதத் தவணை 17,400. அக்டோபர், நவம்பர் இரண்டு தவணையும் கட்டவில்லை. வங்கியில் நகைக் கடன் இரண்டு சீட்டாக 4,60,000. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது 2,00,000. கிரெடிட் கார்டில் 1,35,000. மகளிர் குழுக் கடன் இரண்டு கம்பெனியில் சேர்த்து 65,000. மொத்தம் 22,80,000 ரூபாய். வீட்டுத் தவணை, வட்டி, கார்டின் குறைந்தபட்சத் தொகை, குழுத் தவணை எல்லாம் கட்டினால் கையில் நிற்பது 4,250 ரூபாய். அதில் அரிசி பருப்பு வாங்குவதா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டுவதா என்று தெரியவில்லை.

பெரியக்கா, மாலை 6.52
மீனா, இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டா தீபாவளிக்கு ஈரோட்டுக்கு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனாய்? அழாதே. நாங்கள் இருக்கிறோம். சித்தப்பா, நீங்கள் முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் இருந்தவர், எங்கே தொடங்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.

கார்த்தி, மாலை 6.58
அக்கா, நான் என் பெயரில் ஐந்து லட்சம் பர்சனல் லோன் எடுத்துத் தருகிறேன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டால் இரண்டு நாளில் கிடைத்துவிடும். வட்டிக்காரர், கார்டு, குழுக் கடன் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு, நீங்கள் எனக்கு மாதாமாதம் கொடுத்தால் போதும்.

சித்தப்பா, இரவு 7.15
கார்த்தி, உன் மனசுக்கு நன்றி, ஆனால் அதைச் செய்யாதே. உன் அக்கா தலையில் இருக்கும் சுமை உன் தலைக்கு மாறுமே தவிர, கடன் குறையாது. அவர்களுக்கு ஒரு மாதம் வருமானம் தவறினால் தவணை தவறுவது உன் பெயரில், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழுவதும் உனக்குத்தான். முதலில் கடன்களைத் தொகை வரிசையில் பார்ப்பதை நிறுத்துவோம். 14 லட்சம் என்றதும் எல்லோருக்கும் வயிறு கலங்குகிறது, ஆனால் அதன் வட்டி வருடத்துக்குப் பத்து, பத்தரை சதவீதம்தான் இருக்கும். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். கார்டில் மாதம் மூன்றரை என்று போட்டிருந்தால் வருடத்துக்கு 42, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி வேறு. ஆகவே இந்த வீட்டில் ரத்தத்தை உறிஞ்சுவது பெரிய கடன் அல்ல, நடுவில் இருக்கும் இந்த இரண்டுதான். மீனா, மூன்று கேள்விகள்: கைக்கடனுக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? நகைச் சீட்டுகளில் எந்தெந்த நகை, எப்போது வைத்தது? வீட்டுத் தவணை எந்தத் தேதி?

சேகர், இரவு 7.31
மாமா, வணக்கம். கைக்கடனுக்குத் தொகை எழுதாத புரோநோட்டு ஒன்றும், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை இரண்டும் கொடுத்திருக்கிறேன். நகை இரண்டு சீட்டும் சென்ற டிசம்பரில் வைத்தது, ஒன்பது சதவீத வட்டி. முதல் சீட்டில் நான்கு வளையல், ஐந்தரைப் பவுன், 2,10,000 ரூபாய். இரண்டாவதில் ஆரமும் சங்கிலியும் சேர்த்து ஆறரைப் பவுன், 2,50,000 ரூபாய். வீட்டுத் தவணை மாதம் 5ஆம் தேதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்குக் கார்டு வசூலுக்கென்று இரண்டு பேர் வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார்கள். மீனா அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

சித்தப்பா, இரவு 7.44
மாப்பிள்ளை, வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, கடன்காரரையோ குடும்பத்தையோ பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே உத்தரவு போட்டிருக்கிறது. வந்த நேரத்தையும் நடந்ததையும் எழுதிக் கார்டு கொடுத்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன்பட்டதற்காக யாரும் வாசலில் வந்து கத்த அனுமதி இல்லை.

இனி வழி. முதல் சீட்டுக்கு வட்டியோடு சுமார் 2,29,000 கட்டினால் வளையல்கள் கைக்கு வரும். நீங்கள் வைத்தபோது இருந்த விலை வேறு. இன்று பவுன் 90,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஐந்தரைப் பவுனுக்கு, கடைக்காரர் கழிப்பதெல்லாம் போக, நான் கணக்கிடுவது 4,70,000. மீட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு 2,41,000 நிற்கும். அதில் இரண்டு லட்சம் கைக்கடன் கொடுத்த வட்டிக்காரருக்கு, 34,800 வீட்டுத் தவணைப் பாக்கிக்கு. கார்த்தி, நீ ஐந்து லட்சம் கடன் வாங்க வேண்டாம். உன் சேமிப்பில் இருந்து 2,29,000 ரூபாயை இரண்டே நாளுக்குக் கொடு.

அம்மா, இரவு 8.05
நான் அம்மா பேசுகிறேன், பேத்தி தட்டச்சு செய்கிறாள். அடகு வைத்ததையே நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது விற்பது என்கிறீர்கள். ஒரு பொட்டுத் தங்கம் சேர்க்க உங்கள் அப்பா எத்தனை வருடம் பட்டார் என்று எனக்குத்தான் தெரியும். விற்ற நகை திரும்பி வந்ததாக நம் வீட்டில் சரித்திரமே இல்லை. அந்த ஆரம் என் மாமியார் எனக்குப் போட்டது.

பெரியக்கா, இரவு 8.11
அம்மா, ஆரம் இரண்டாவது சீட்டில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. சித்தப்பா சொல்வது நான்கு வளையல்களை மட்டும்தான். அவற்றை அடகிலேயே வைத்துக்கொண்டு வருடத்துக்கு 72,000 ரூபாய் வட்டியை அந்தக் கைக்கடன்காரருக்குக் கொடுப்பதுதான் தங்கத்தைத் தொலைப்பது. இரண்டாவது சீட்டுக்கு இந்த வருட வட்டி 22,500 ரூபாயை நான் கட்டிப் புதுப்பித்துக் கொடுக்கிறேன். நான் மாதாமாதம் கட்டும் சீட்டின் பணம் அடுத்த வாரம் வருகிறது. இது கடன் இல்லை மீனா, திருப்பித் தரும் பேச்சே எடுக்காதே.

சித்தப்பா, இரவு 8.20
அண்ணி, வளையல்களைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல் பதித்த ஆரத்தை விற்கப் போனால் கல், அரக்கு என்று எடையில் கழித்துவிடுவார்கள். கல் இல்லாத வளையலில் அந்தச் சேதம் குறைவு. மாப்பிள்ளை, விற்கும்முன் குறைந்தது இரண்டு கடையில் உரசிப் பார்க்கச் சொல்லி விலை கேளுங்கள், பணத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள், பழைய நகைக்குப் புது நகை மாற்றிக்கொள்ளச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இரண்டாவது சீட்டைப் புதுப்பிக்கும்போது, விலை ஏறியிருப்பதால் ‘மேல்தொகை தருகிறோம்’ என்று வங்கியிலேயே சொல்வார்கள். 2.5 லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி ஜூன் மாதம் அறிவித்த விதி, வரும் ஏப்ரல் 1க்குள் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரும். அப்போது இந்த ஆசை காட்டல் இன்னும் கூடும். ஒரு ரூபாய் கூட மேலே வாங்காதீர்கள்.

மீனா, இரவு 8.34
சித்தப்பா, வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். கார்டுக்கு என்ன செய்வது? மகளிர் குழுத் தவணை 5,600 ரூபாயைச் சில மாதம் நிறுத்தலாமா?

சித்தப்பா, இரவு 8.50
ஜப்தி ஒரே நாளில் நடப்பதல்ல. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். அதன்பிறகு, அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் வருடச் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிய பின்னரே அடுத்த நடவடிக்கை. உங்கள் அக்டோபர் தவணை ஜனவரி முதல் வாரத்தில் 90 நாளைத் தொடும். அதற்கு முன்பே பாக்கியைக் கட்டிவிடுகிறோம், அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கார்டை இன்றோடு கத்தரித்துவிடுங்கள். பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 18 சதவீதத்துக்கு 24 மாதம் என்று ஒத்துக்கொண்டால் மாதம் 6,740 ரூபாய் வரும், வட்டிக்கு ஜிஎஸ்டி தனி. இப்போது குறைந்தபட்சத் தொகையென்று 6,750 கட்டுகிறீர்கள்; ஏறக்குறைய அதே பணம்தான், ஆனால் இதற்கு முடிவுத் தேதி உண்டு. ‘பாதியைக் கொடுங்கள், செட்டில்மென்ட் செய்து முடித்துவிடுகிறோம்’ என்று யாராவது அழைத்தால் அவசரப்படாதீர்கள். சிபில் அறிக்கையில் அது முழுதாகக் கட்டிய கடனாகப் பதிவாகாது, பிறகு தொழிலுக்குக் கடன் கேட்கும்போது வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

குழுக் கடனை மட்டும் நிறுத்தாதே மீனா. நீ கட்டாவிட்டால் உன்னோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைத்தான் நெருக்குவார்கள். நாளைக்கு ஒரு அவசரம் என்றால் முதலில் ஓடி வரப்போவதும் அவர்கள்தான். ஒரு வருடத்தில் அது முடிந்துவிடும். புதிதாக மூன்றாவது கம்பெனிக்காரர் வந்தால் கையெழுத்துப் போடாதே.

சேகர், இரவு 9.06
மாமா, மூன்று வட்டி நின்றால் மாதம் 6,000 மிச்சம். ஆரத்துக்கான வட்டியென்று மாதம் 1,875 எடுத்துவைத்தாலும் கையில் எட்டாயிரத்துச் சொச்சம் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அது போதாது என்பதால், ஆறு தையல் இயந்திரங்களில் ஓடாமல் நிற்கும் இரண்டை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்.

கார்த்தி, இரவு 9.12
சேகர் மாமா, இயந்திரத்தை விற்காதீர்கள், ஆர்டர் திரும்பி வரும்போது அதே விலைக்கு வாங்க முடியாது. வாடகைக்கு விட முடியுமா பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை இந்த வருடம் முழுக்க நான் நேரடியாகப் பள்ளிக்கே கட்டிவிடுகிறேன். 2,29,000 ரூபாயை நாளை காலை அனுப்புகிறேன்.

அம்மா, இரவு 9.20
வளையலை விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கரூரில் விற்க வேண்டாம், ஈரோட்டுக்கு வாருங்கள், நானும் கடைக்கு வருகிறேன். பத்துக் கிலோ அரிசியும் தேங்காயும் எடுத்து வைத்திருக்கிறேன்.

சித்தப்பா, இரவு 9.33
நல்லது அண்ணி. மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமை வங்கி, அன்றே நகைக்கடை. புதன்கிழமை வட்டிக்காரரிடம் நானும் வருகிறேன். பேசுவது நான், நீங்கள் அமைதியாக இருங்கள். அவர் கேட்கும் வட்டி அரசு அனுமதித்த அளவுக்கு மேல் என்றால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய நிலை வராது என்றே நினைக்கிறேன். புரோநோட்டும் இரண்டு காசோலையும் மேசைமேல் வைக்கப்பட்ட பிறகுதான் தொகையை வங்கி வழியாக அனுப்ப வேண்டும். ‘நாளைக்குத் தேடித் தருகிறேன்’ என்றால் நாளைக்கே போகலாம். கணக்கு நேர் என்று அவர் கையால் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்வோம்.

மீனா, இரவு 9.41
சரி சித்தப்பா. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் வங்கியில் இருப்போம். சீட்டு இரண்டு, இருவரின் ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகம் எடுத்து வைத்துவிட்டேன். வேறு ஏதாவது வேண்டுமா?

சித்தப்பா, இரவு 9.44
அந்தக் காசோலைகளின் எண்களைக் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் பார்த்து எழுதிக்கொள். அவர் வேறு காசோலையைக் கொடுத்துவிடக் கூடாது.