திண்ணை இல்லாத ஊர்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

காரைக்குடி, பர்மா காலனியிலிருந்து

கணினியில் ஊர் உண்டாக்குவது என் பிழைப்பு. ஒவ்வொரு வீடாகக் கையால் வரைவதில்லை. விதிகளை எழுதி வைத்துவிட்டு ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் நிரல் தானே ஊரைக் கட்டிவிடும். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் ஓடு பிசகாமல் அதே ஊர் வரும். 1984-இல் வந்த எலைட் விளையாட்டு, 32 கேபி நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் 8 விண்மீன் மண்டலங்களை, மண்டலத்துக்கு 256 கோள்களாகக் காட்டியது இந்த வழியில்தான். அத்தனை கோளையும் சேமித்து வைக்க அதில் இடமேது?

என் விதிகள் நம் ஊர்களைப் பார்த்து எழுதியவை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று டேப்பும் நோட்டுமாக 2 வருஷம் அலைந்திருக்கிறேன். தெருக்கள் கட்டம் கட்டமாகப் போக வேண்டும். ஒரு தெருவில் முகப்பு வைத்த வீட்டுக்கு அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், முன்வாசலில் நின்றால் கடைசிக் கதவின் வெளிச்சம் தெரிய வேண்டும். வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. ஊருணிக்கு நாலு பக்கமும் படித்துறை. மேடு பள்ளத்துக்கு, கென் பெர்லின் 1980-களில் உருவாக்கிய பெர்லின் நாய்ஸ், அதாவது இயற்கையான மேடு பள்ளம் மாதிரி எண்களை உண்டாக்குகிற கணக்கு. நம் பக்கத்துத் தரைக்கு அதைத் துளி கலந்தால் போதும், மழைத் தண்ணீர் ஊருணிக்கு ஓடுகிற அளவு சரிவு வந்துவிடும்.

போன வருஷம் ஒரு நிறுவனம் 400 ஊர்கள் கேட்டது. கேமராவில் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிற மென்பொருளைப் பழக்குவதற்கு. நிஜத் தெருவைப் படமெடுத்து ஒவ்வொரு ஆளையும் கையால் குறிப்பது பெரிய செலவு. உண்டாக்கிய ஊரில் யார் எங்கே நிற்கிறார் என்று நிரலுக்கே தெரியும். திருவிழா நெரிசலைத் தடுக்க என்று சொன்னார்கள். சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் மூச்சு முட்டியவன் நான். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

விதி வந்தது. 5 பேரோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் 3 நிமிடம் நின்றால் சிவப்புக் கட்டம். நெரிசலுக்கு எதற்கு 5 பேர் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சட்டவிரோதக் கூட்டம் என்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு வைத்திருந்த எண் அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓட்டிப் பார்த்தால் சாவு விழுந்த துஷ்டி வீடு சிவப்பு, டீக்கடை சிவப்பு, ஊருணிப் படியில் துணி துவைக்கிற பெண்கள் சிவப்பு.

400 ஊர்களையும் அனுப்பி முடித்த பிறகு இன்னொன்று கேட்டார்கள். எந்த மாதிரி அமைப்பில் சிவப்பு மிகக் குறைவாக வருகிறது என்று ஓர் அட்டவணை வேண்டும், புதுக் குடியிருப்புகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்று. விதிகளின் அளவுகளைத் தானே கூட்டிக் குறைத்து, சிவப்பு குறைந்த ஊரை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிற மாதிரி ஒரு தேடலை எழுதி, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.

காலையில் பதிவேட்டை மேலிருந்து கீழாகப் படித்தேன். திண்ணையின் அகலம் 4 அடியில் ஆரம்பித்திருந்தது. 3 ஆனது, ஒன்றரை ஆனது, கடைசியில் 0. அதற்குப் பிறகு மர நிழல் போனது. டீக்கடை பெஞ்சு போனது. ஊருணிக்கு ஒரே ஒரு படித்துறை, அதுவும் ஓர் ஆள் இறங்குகிற அகலத்தில். திண்ணையை எடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சிவப்பைக் குறை என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன்.

திரையில் அந்த ஊர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர், நேர்த் தெரு, ஒவ்வொருவராக நடந்து போகிற மனிதர்கள். காப்பி கொண்டு வந்த அப்பத்தா நின்று பார்த்தார்.

"ஊரடங்கு போட்டிருக்காகளா அப்பு?"

அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர், 80-ஐ நெருங்குகிறார். பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு, அவருடைய அப்பாவுக்கு மளிகைக் கடை. 1962 மார்ச் 2 அன்று நே வின் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தபோது அப்பத்தாவுக்கு 14 வயது. ஜூலை 7 அன்று பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடுப்படியில் கவிழ்த்து வைத்த பாத்திரமெல்லாம் குலுங்கியதாம். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்தது, மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின, குடும்பம் கப்பலேறியது. இதையெல்லாம் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் சொன்ன ஒன்றை அதற்கு முன் கேட்டதில்லை. "கடையும் நோட்டும் போனது அப்புறம். பிள்ளைக கூடுற எடத்தத்தான் மொதல்ல எடுத்தான். எங்க அப்பா அன்னைக்கே சொன்னாரு, இனி இங்க இருக்க முடியாதுன்னு."

அட்டவணையைத் தர முடியாது என்று எழுதிவிட்டு, அதற்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பினேன். ஆனால் அந்த 400 ஊர்கள் முன்பே போய்விட்டன. துஷ்டி வீட்டைச் சிவப்பாகப் பார்க்க ஏதோ ஒரு கேமராவுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. இந்த மாதிரி வேலையில் இருப்பவர்கள், வேறு விதத்தில் இதை எதிர்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு டீச்சர்

தம்பி, நான் உங்கள் அளவுக்குப் பெரிய விஷயம் செய்பவள் இல்லை. ஆனால் ஒரு சின்ன ராஜ்யத்தை ஆண்டு பார்த்திருக்கிறேன்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் வகுப்பு எடுக்கிறேன், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற கணினி விளையாட்டு அது. ஒரே உலகம், 14 பிள்ளைகள், நிர்வாக அதிகாரம் என்னிடம். ஒரு பையன் அந்த உலகத்துக்குள் வைத்த பலகையில் கெட்ட வார்த்தை எழுதிவிட்டான். யார் என்று விசாரிக்கப் பொறுமை இல்லை, பலகை வைக்கும் உரிமையையே எல்லாருக்கும் நிறுத்தினேன். ஒரே ஒரு கட்டளைதான், 2 விநாடி வேலை. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

மறுநாள் உள்ளே போனேன். புல்வெளியில் சிவப்புப் பூச்செடிகளை வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். மேலே பறந்து போய்ப் பார்த்தபோதுதான் எழுத்து தெரிந்தது. "பலகை வேணும் மிஸ்". ல-வின் சுழி கோணலாக இருந்தது, 7 வயதுப் பிள்ளை நட்டது. ஒருவன் செய்த தப்புக்கு எல்லார் வாயையும் கட்டிய நானா இவர்களுக்கு 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இதே ஊர்க் கோர்ட்டைக் கொளுத்திய கதையைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று இருந்தது. அன்றைக்கே உரிமையைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் அவர்களை "தணிக்கையற்ற நூலக"த்துக்குக் கூட்டிப்போனேன். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020 மார்ச் 12 அன்று மைன்கிராஃப்டுக்குள்ளேயே திறந்து வைத்தது. சவூதி, ரஷ்யா, எகிப்து, வியட்நாம், மெக்சிகோ என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கூடம், அங்கெல்லாம் வெளிவர முடியாத கட்டுரைகள் புத்தகமாக. இணையதளத்தை முடக்குகிற அரசுகள் விளையாட்டை விட்டு வைத்திருந்தன, அந்தச் சந்து வழியாகப் போனார்கள். ஆனால் எல்லா இடத்திலும் விட்டு வைப்பதில்லை. ரஷ்யாவின் கான்ஸ்க் நகரத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் மீது போட்ட வழக்கில், மைன்கிராஃப்டில் கட்டிய உளவுத்துறைக் கட்டடத்தைத் தகர்க்கத் திட்டமிட்டார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. 2022 பிப்ரவரியில் ஒரு பையனுக்கு 5 ஆண்டு சிறை. அந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோட்டையூர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தார்கள். நான் காரைக்குடியில் கல்லூரி மாணவன். நாங்கள் உட்காரும் டீக்கடையில் மறுநாள் பேப்பரை மடித்து வைத்தபடியே எல்லாரும் டீ குடித்தோம். பெஞ்சு இருந்தது, ஆளும் இருந்தது, பேச்சு இல்லை. அதனால் திண்ணை இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் விதிகள் மேல் குற்றமில்லை. கோலமும் விதிதான். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். என் வீட்டு ஆச்சி அரிசி மாவில் போடுவதும் அதே இலக்கணம்தான். குற்றம், ஒரே ஓர் எண்ணைக் குறை என்று சொல்லிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேடலின் கையில் விட்டது. எது மாறலாம், எது மாறக் கூடாது என்று நீங்கள் பிரிக்கவில்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்தது அதைத்தான். அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது. 13 நீதிபதிகளில் 7 பேர் அப்படிச் சொன்னார்கள், 6 பேர் சொல்லவில்லை. அந்த ஓர் ஆள் வித்தியாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை சில்லிடும்.

திண்ணையை மாறியிலிருந்து மாறிலியாக்குங்கள். அப்புறம் ஓட்டிப் பாருங்கள். அந்த 400 ஊர்களின் விதை எண்கள் உங்களிடம் இருக்கும்தானே?

காரைக்குடி, பர்மா காலனியிலிருந்து

ஐயா, இருக்கின்றன. 400 எண்களும் ஒரே தாளில் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டி, எதையெல்லாம் அந்த மென்பொருள் குற்றமாகக் கற்றிருக்கும் என்று குறித்து வருகிறேன். 62 முடிந்திருக்கிறது. முடிந்ததும் பட்டியலை எல்லாருக்கும் தருகிறேன்.

டீச்சர், பூச்செடி எழுத்தை அப்பத்தாவிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா சொன்னபடி திண்ணை, மர நிழல், டீக்கடை பெஞ்சு, நாலு படித்துறை, நான்கையும் தேடல் தொட முடியாத இடத்தில் வைத்து ஓட்டினேன். சிவப்புக் கட்டங்கள் மறுபடி ஊர் முழுக்க. அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரலை வைத்து எண்ணினார். இது டீக்கடை. இது துஷ்டி வீடு, பந்தல் கிடக்குது பாரு. இது தண்ணிக்கு நிக்கிற பொம்பளைக. தெருக்கோடியில் ஒரு கட்டம், 7 பேர், எந்த விதியில் அங்கே கூடினார்கள் என்று எனக்கே பிடிபடவில்லை. பதிவேட்டைத் திறந்து தேடப் போனேன்.

"ஏதாவது பேசிக்கிட்டு இருப்பாக," என்றார். "விடு."